நோராவின் மாற்று முடிவு: ஒரு திருத்தம்

"'பொம்மை வீடு' நாடகத்தில் நோரா வெளியேறுவது தவறென்று உணர்ந்த இப்சன் முடிவைப் பின்னர் மாற்றினார், யதார்த்த நாடகமும் பெண்ணைக் காட்சிப் பொருளாகவே கண்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் இந்நாடகம், நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுவதோடு முடிகிறது. மேற்கண்ட கூற்றின் முதல் பாதி தவறானது.

குழந்தைகளுக்காக நோரா வீட்டிலேயே தங்கிவிடும் முடிவை 1880இல் ஜெர்மானிய மேடைக்காக இப்சனே எழுதித் தந்தது உண்மைதான். ஆனால், நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே குழந்தைகளை விட்டுச் செல்லும் தாயாக நடிக்க மறுத்ததாலும், அங்கே தம் படைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நிலையில் வேறொருவர் கைவைப்பதைவிடத் தாமே எழுதுவது மேல் என்று கருதியதாலுமே அவர் அதற்கு இசைந்தார். அம்மாற்றத்தை நாடகத்தின்மீது நிகழ்த்தப்படும் காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்று அவரே அப்போது கண்டித்தும் எழுதினார். இதை மனமாற்றம் என்பது விந்தையே.

இரண்டாம் பாதியை முற்றாக மறுக்க மாட்டேன். மனைவியை வானம்பாடி, அணில் என்று கொஞ்சி, தன் உடைமையாகவே பார்க்கும் ஹெல்மரின் கண்களை நாடகம் விசாரணைக்கு உட்படுத்துகிறது. ஆயினும், நோராவின் ரகசியத்தை வெளிப்படுத்தும் கடிதம் கிடக்கும் தபால் பெட்டியை அவன் திறந்துவிடாமல் தடுப்பதற்காக இரண்டாம் அங்கத்தில் அவள் வெறிகொண்டு டரன்டெல்லா என்னும் வேகமான இத்தாலிய நடனத்தை ஆடும்போது, அவளது அச்சத்தை அறிந்த பார்வையாளரும் சற்று நேரம் அவனைப்போலவே அவள் உடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்சன் அதைத் தெரிந்தே அமைத்தார் என்பது என் வாசிப்பு. இயக்குநர் கவனமின்றி மேடையேற்றினால் அது வெறும் ஆட்டக் காட்சியாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.