அமேசான் மோலிக்கும் ஆண் வேண்டும்

"அமேசான் மோலிக்கு ஆணே தேவையில்லை, தனியாக விட்ட என் மோலி குட்டி போட்டதே சாட்சி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியே தப்பு.

அமேசான் மோலி என்ற அந்தச் சிறு மீன் இனத்தில் எல்லாமே பெண்தான், சரி. ஆனால் அட்லாண்டிக் மோலி, செயில்ஃபின் மோலி போன்ற நெருங்கிய இனத்து ஆணோடு சேர்ந்தால்தான் முட்டை வளரத் தொடங்கும். விந்தணு தூண்டிவிடுவதோடு சரி. அதன் மரபணு வழக்கமாகக் குட்டிக்குப் போவதில்லை, குட்டி தாயின் நகல். ஆண் கிடைக்காத குளத்தில் அந்தக் கூட்டம் அதோடு முடிந்தது. இந்த இனம் உருவானதே சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் மோலித் தாயும் செயில்ஃபின் வழித் தகப்பனும் கலந்ததால்தான். (பெயர் ஆற்றைக் குறிப்பதல்ல, கிரேக்கப் புராணத்துப் பெண் வீரர்களை. மீன் இருப்பது தெற்கு டெக்சஸிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும்.)

உங்கள் தொட்டியில் நடந்தது வேறு. கடையில் கிடைக்கும் மோலிகள் பெரும்பாலும் வேறு மோலி இனங்களின் கலப்பு, அமேசான் மோலி அல்ல. பெண் ஒருமுறை பெற்ற விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்து, ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். குட்டிகள் வளர்ந்ததும் குதத் துடுப்பை (வயிற்றுக்கு அடியில், வாலை ஒட்டிய பக்கம் இருப்பது) பாருங்கள்: ஒன்றிலாவது அது விசிறியாக இல்லாமல் குச்சிபோல் நீண்டிருந்தால் அது ஆண், நகல் வாதம் அங்கேயே அடிபடும்.