ஆறு மாதத்துக்கு ஓர் இசைத்தட்டு

அமெரிக்கப் பாடகர் எமிட் ரோட்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'தனி ஆளாக ஒரு பீட்டில்ஸ்' என்றுதான் தொடங்குகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர் குரலில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் சாயலைப் பேசிப் பேசியே அந்த மனிதரின் உழைப்பை மறைத்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவின் ஹாத்தோர்னில் வளர்ந்தவர். பள்ளி வயதிலேயே ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பிறகு 'மெர்ரி கோ ரவுண்ட்' குழுவில் பாடினார். அது கலைந்ததும் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் ஒரு பதிவுக் கருவியோடு புகுந்துகொண்டார். பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ், பின்னணிக் குரல்கள் எல்லாம் அவரே. ஒன்றை வாசித்துப் பதிந்து, அதைக் காதில் கேட்டபடியே அடுத்ததை வாசிக்க வேண்டும். கணினி கிடையாது, பிசகினால் மறுபடியும் வாசிக்க வேண்டியதுதான். அப்படி உருவான 1970ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தரவரிசைப் பட்டியலில் 29ஆம் இடம் வரை ஏறியது. அவருக்கு வயது 20!

அந்த வயதில் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் என்னால் பொறுக்க முடியாதது. டன்ஹில் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளில் ஆறு இசைத்தட்டுகள் தர வேண்டும். அதாவது ஆறு மாதத்துக்கு ஒன்று. பாட்டு எழுதி, இசையமைத்து, ஒவ்வொரு கருவியையும் தானே வாசித்துப் பதிகிற ஒருவரால் எப்படி முடியும்? இரண்டாவது தட்டு தாமதமானதும் நிறுவனம் வழக்குப் போட்டது. உரிமத்தொகையையும் நிறுத்திவைத்தது. 1973இல் மூன்றாவது தட்டை முடித்தபோது அவர் ஓய்ந்துபோயிருந்தார். அதன்பின் பிறருக்கு ஒலிப்பதிவு செய்துகொடுத்துப் பிழைத்தார்.

இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கெடுவை நிர்ணயித்தவர்களுக்குத்தான் அந்த வேலை இன்னதென்று தெரியவில்லை.

1984இல் பேங்கிள்ஸ் குழு அவருடைய 'லிவ்' பாடலைத் தங்கள் முதல் முழுத் தொகுப்பில் பாடியது. 2001இல் 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படத்தில் அவருடைய தாலாட்டு ஒன்று ஒலித்தது. மூன்றாவது தட்டுக்கு 43 ஆண்டுகள் கழித்து, 2016இல் 'ரெயின்போ எண்ட்ஸ்' என்ற அவருடைய அடுத்த தட்டு வந்தது. இளம் இசைக் கலைஞரான கிறிஸ் பிரைஸ் விடாமல் கூடவே நின்று தயாரித்தது. இம்முறை எல்லாக் கருவிகளையும் ரோட்ஸே வாசிக்க வேண்டியிருக்கவில்லை. பேங்கிள்ஸின் சுசானா ஹாஃப்ஸ் உட்பட, அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் வந்து பாடினார்கள், வாசித்தார்கள். குரல் தடித்து, கரகரத்திருந்தது. மெக்கார்ட்னியின் சாயல் மறைந்துவிட்டது.

2020 ஜூலையில் அவர் காலமானார். முதல் தொகுப்பைக் கேட்டவர்கள் இந்தக் கடைசித் தட்டையும் அவசியம் கேளுங்கள்.