காசு கொடுத்து வாங்கிய குப்பை இணைப்புகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் சின்னச் சின்னக் கடை வைத்திருப்பவர்களை இந்த 'கூகுளில் முதல் இடம் வாங்கித் தருகிறோம்' ஆட்கள் படுத்தும் பாடு தாங்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது ஒருத்தர். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, ஆனால் நாள் முழுக்கப் பூமாலை கட்டிக்கொண்டிருக்கும் பூக்கடை அக்காவுக்கு அதையெல்லாம் தேடிப் படிக்க ஏது நேரம்?

கூகுள் தேடலில் மேலே வர அந்த அக்கா பணம் கட்டி வாங்கிய பேக்லிங்க்குகளை, அதாவது மற்ற தளங்களிலிருந்து அவர் கடையின் தளத்துக்கு வரும் இணைப்புகளை, நேற்று சர்ச் கன்சோல் என்ற கூகுளின் கருவியில் திறந்து பார்த்தேன், வயிறு எரிந்தது. ஒரு சூதாட்டத் தளம், ரஷ்ய மொழியில் கார் டயர் விற்கும் தளம், அப்புறம் யாருமே எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு டைரக்டரி (தளங்களின் பட்டியல்), எல்லாவற்றிலும் 'பெஸ்ட் பிளவர் ஷாப் கேஎல்' என்று ஒரே வாசகம். இந்த மாதிரி இணைப்புகளைப் பிடிக்கத்தானே 2012 ஏப்ரலில் கூகுளின் 'பெங்குயின்' என்ற வடிகட்டி வந்தது! 2016-இல் அது தளங்களை வரிசைப்படுத்தும் கூகுளின் மைய அல்காரிதத்திலேயே சேர்ந்துவிட்டது, அதனால் இதெல்லாம் பெரும்பாலும் கணக்கிலேயே வராது, கூகுள் ஆட்களே பார்த்துத் தண்டனை போட்டால் இன்னும் மோசம். கட்டிய ரிங்கிட் போனது போனதுதான்.

இத்தனைக்கும் கூகுள் மேப்பில் கடையின் பழைய போன் நம்பர்தான் இன்னும் கிடக்கிறது, தீபாவளி நேரத்தில் எத்தனை ஆர்டர் கைநழுவியிருக்கும்! அதை மாற்றக் காசே வேண்டாம். பணம் வாங்கியவர் அதைக்கூடச் செய்து கொடுக்கவில்லை, கேட்டால் அது வேறு பேக்கேஜாம்.