ஆஸ்கார் வைல்டை ஒற்றை வரிகளில் தொலைக்காதீர்கள்

'நாம் எல்லோரும் சாக்கடையில்தான் கிடக்கிறோம், ஆனால் சிலர் நட்சத்திரங்களைப் பார்க்கிறோம்.' எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் இந்த வரியைத் தன்னம்பிக்கை வாசகமாகப் பகிர்கிறார்கள். 1892இல் லண்டனில் அரங்கேறிய 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' நாடகத்தில் டார்லிங்டன் பிரபு பேசும் வசனம் இது. மணமான ஒருத்தியிடம் காதலைச் சொல்லி, அவள் மறுத்துவிட்ட அதே இரவில், நண்பர்கள் நடுவே மனம் உடைந்துபோய்ச் சொல்கிறான். யார், எந்த நிலையில் பேசுகிறார் என்பதை வெட்டிவிட்டால் வரியின் பாதி உயிர் போய்விடுகிறது.

டப்ளினில் பிறந்த வைல்டை வெறும் வேடிக்கைப் பேச்சுக்காரர் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதர்கள் தங்களையே எப்படி ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பதை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பேச்சே ஒருநாள் அவரைக் காவு வாங்கியது. 1895இல், ஆண்களோடு உறவு கொள்பவர் என்று தன்னைத் தூற்றியவர்மேல் வைல்டே தொடுத்த அவதூறு வழக்கில், லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவரோடு படித்தவர். ஓர் இளைஞனை முத்தமிட்டதுண்டா என்று கார்சன் கேட்டார். இல்லை, அவன் அழகில்லாதவன் என்று வைல்ட் சட்டென்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் முத்தமிடவில்லையா என்று கார்சன் விடாமல் துளைக்க, வைல்ட் தடுமாறிப்போனார். வழக்கு அவர்மேலேயே திரும்பியது. ஓர் ஆண் இன்னொரு ஆணை நேசித்ததற்காக, அதே ஆண்டு மே மாதம் இரண்டு ஆண்டு கடுங்காவல்.

சிறையில் எழுதிய 'டி புரோஃபண்டிஸ்' என்ற நீண்ட கடிதத்தில் ஓர் இடம் உண்டு. கைவிலங்கோடு கிளாப்பம் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் நவம்பர் மழையில் அரைமணி நேரம் நிற்கவைக்கிறார்கள். கூட்டம் பார்த்துச் சிரிக்கிறது. யாரென்று தெரிந்ததும் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறது. அதன்பின் ஓராண்டு, தினமும் அதே நேரத்தில், அதே அளவு நேரம் அழுததாக எழுதுகிறார். லண்டனையே சிரிக்கவைத்த மனிதர்! இந்தப் பக்கத்தைப் படிக்காமல் வைல்டைத் தெரியும் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

'கலை எல்லாம் முற்றிலும் பயனற்றது' என்று 'டோரியன் கிரே' நாவலின் முன்னுரையில் எழுதியவரும் இவர்தான். அதை வைத்து, மனிதர்கள்மேல் அக்கறை இல்லாத அழகுப் பித்தர் என்று முடிவுகட்டுகிறார்கள். சரி, 1897 மே மாதம் விடுதலையான சில நாட்களில் அவர் என்ன செய்தார்? 'டெய்லி கிரானிக்கிள்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அவர் அடைபட்டிருந்த ரெடிங் சிறையில் பசியால் அழுத சிறுவனுக்கு மார்ட்டின் என்ற காவலர் சில பிஸ்கட்டுகள் கொடுத்தார். அந்தக் குற்றத்துக்காக அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அந்த அநியாயத்தையும், சிறுவர்கள் இருட்டு அறைகளில் தனியாகப் பூட்டிவைக்கப்படும் கொடுமையையும் வைல்ட் அதில் விரிவாக எழுதினார். பெயரும் பணமும் போய், சமூகமே முகம் திருப்பிய நேரத்தில் எழுதியது அது. அந்தக் கடிதத்தையும் தேடிப் படியுங்கள்.