"மூலம் எந்த ஊர்?"

ஒருவர் கன்னடம் பேசுவதைப் பாராட்டி ஒரு தம்பி ரீல் போட, நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்த ரீல்ஸ் பஞ்சாயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "பாராட்டினதுகூடத் தப்பா?" என்று ஏழெட்டுப் பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

"ஆப்பிரிக்காக்காரர் எவ்வளவு அழகா கன்னடம் பேசுறார், நம்ம ஆளுங்களும் கத்துக்கணும்." இதுதானே தலைப்பு? பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் சித்தி சமூகத்தவர், அதாவது பல தலைமுறைக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்தவர்களின் வழி வந்தவர். ஊர் கர்நாடகத்து யெல்லாப்பூர் என்று அவரே சொல்கிறார், யார் காதில் விழுந்தது? அவர் கன்னடம் கற்றுக்கொள்ளவில்லை ஐயா. வீட்டில் கொங்கணி, பள்ளிக்கூடத்தில் கன்னடம் என்று வளர்ந்த ஆள். மன்னார்குடிக்காரர் தமிழ் பேசுவதைப் பார்த்து யாராவது கைதட்டுவார்களா?

போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கோவாவில் கொண்டுவந்து இறக்கினார்கள். தப்பித்தவர்கள் உத்தர கன்னடக் காடுகளுக்குள் போனார்கள். யெல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் இன்று இருப்பவர்களில் பலர் அவர்கள் வழி வந்தவர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூன்றும் உண்டு. குஜராத் சித்திகள் கதை வேறு. ஹைதராபாத் கதை இன்னும் வேறு, அங்கே ஏ.சி. கார்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்த ஏ.சி. குளிர்சாதனம் இல்லை. ஆப்பிரிக்கன் கேவல்ரி, நிஜாமின் குதிரைப்படை.

மாலிக் அம்பர் என்று ஒருவர். எத்தியோப்பியாவில் பிறந்து, கை மாறிக் கை மாறி விற்கப்பட்டு, கடைசியில் அகமத்நகர் சுல்தானகத்தையே நடத்தினார். 1610இல் அவர் எழுப்பிய கட்கி நகரம்தான் பின்னாளில் அவுரங்காபாத். 1626இல் சாகும்வரை முகலாயர்களை அலைக்கழித்தார். ஜஹாங்கீரால் அவர் தலையை எடுக்க முடியவில்லை. அதனால் அந்தத் தலையைத் தான் அம்பால் அடிப்பதுபோல ஓவியம் வரையச் செய்து வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து ரீல்ஸ்!

நானும் யோக்கியன் இல்லை. நாலு வருடம் முன்பு யெல்லாப்பூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா கவந்தி தைத்துக்கொண்டிருந்தார். பழைய சேலை, லுங்கித் துண்டுகளை வைத்து, ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும் போர்வை. நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைக்கிறார்கள். பூ இல்லாவிட்டால் கவந்தி அம்மணம் என்றார். நான் ரொம்ப அக்கறையாக, "மூலம் எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதே ஊர். நீங்க?"

"பெங்களூர்."

"அதுக்கு முன்னாடி?"

திருப்பத்தூர். அப்பா 1978இல் வேலைக்கு ரயிலேறி வந்தவர். அந்தத் திண்ணையில் வந்தேறி யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அடிமை வியாபாரம் போர்ச்சுகீசியன் பண்ணினது, எங்களை ஏன் திட்டறே?" சரி, நியாயம். சுல்தான்களும் வாங்கினார்கள் என்பதை விட்டுவிடுகிறேன்.

"அவரே வீடியோவில் சிரிச்சுக்கிட்டுதானே இருக்கார்?" இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எட்டாம் வகுப்பில் என் பெயர் "ஆப்பிரிக்கா". டிரில் மாஸ்டரே அப்படித்தான் கூப்பிடுவார். மூன்று வருடம் நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அவளும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் தட்டு நீட்டினாள்.

எங்கேயோ போய்விட்டேன். இருக்கட்டும்.

"எல்லாத்தையும் சீரியஸா எடுத்துக்கறே" என்கிறவர்களுக்கு: கர்நாடகச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2003இல். சாந்தாராம் சித்தி கர்நாடகச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டது 2020இல். சித்தி ஒருவர் அங்கே உள்ளே போனது அதுவே முதல் தடவை. இத்தனை நூறு வருடம் இந்த மண்ணிலேயே இருந்தவர்களை நாம் இன்னும் டூரிஸ்ட் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் கன்னடம் கற்றுக்கொள்ளவில்லை. இன்னும் எத்தனை தடவை சொல்ல?

ரீல் போட்ட தம்பி இன்று காலை தலைப்பை மாற்றியிருக்கிறார்: "கன்னடம் பேசும் ஆப்பிரிக்க அண்ணா." அண்ணா சேர்த்திருக்கிறார். போதுமாம்.