மசாய் சிறுவன் சிங்கத்தைக் கொன்றால்தான் ஆண்மகனா?

"கென்யாவின் மசாய் சிறுவன் தனியாகச் சிங்கத்தைக் கொல்லாவிட்டால் அவனை ஆணாக ஏற்கமாட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கால்நடை மேய்த்து வாழும் மசாய் மக்களிடையே சிறுவனை இளைஞனாக்குவது 'எமுரத்தா' என்னும் விருத்தசேதனச் சடங்கு, அதாவது ஆணுறுப்பின் முன்தோலை நீக்குவது. மரபுப்படி மயக்க மருந்து கிடையாது. கத்தி படும்போது முகம் சுளித்தாலே குடும்பத்துக்கு இழுக்கு. கண்ணிமைகூடத் துடிக்காமல் இருக்கவேண்டும் என்பார்கள். அந்த வலிதான் சோதனை, சிங்கம் அல்ல.

சிங்க வேட்டை இருந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் போனவர்கள் ஏற்கெனவே சடங்கு முடித்த 'மொரான்' வீரர்கள், பெரும்பாலும் கூட்டமாக. கால்நடையை அடித்த சிங்கத்தைப் பழிதீர்ப்பதும் அதில் உண்டு. கென்யா 1977இலேயே வேட்டையைத் தடைசெய்துவிட்டது. 2012 முதல் கென்யாவின் அம்போசெலி பகுதி வீரர்கள் சிங்க வேட்டைக்குப் பதிலாக 'மசாய் ஒலிம்பிக்ஸ்' போட்டியில் ஈட்டி எறிந்தும் உயரம் தாண்டியும் வீரத்தைக் காட்டுகிறார்கள். வாழும் மக்களைக் கொலைகாரர்களாகச் சித்திரிக்கும் அந்தச் செய்தியைத் தயவுசெய்து பகிராதீர்கள்.