லிட்டரும் கிலோவும்: ஒரு திருத்தம்

"ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, குழந்தைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தால் போதும்" என்ற கருத்தை இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். தண்ணீருக்கு அது ஏறத்தாழச் சரி. எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. லிட்டர் கொள்ளளவைச் சொல்கிறது, கிலோ எடையை. வீட்டிலுள்ள ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நிகர எடை பெரும்பாலும் 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும். அதே ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ இருக்கும்.

சிறு குழந்தைக்கு இந்த எண்கள்கூட வேண்டாம். ஒரே டம்ளரால் பொரியையும் அரிசியையும் தலைதட்டி அளந்து, தனித்தனிப் பையில் போட்டு, கைக்கு ஒன்றாகக் கொடுங்கள். எது கனம் என்று குழந்தையே சொல்லிவிடும். பொரிப் பை திரும்பி வராது என்பது வேறு விஷயம்.